சேனல் பதினாறில் போன மானம்

1

போன வாரம் எங்கள் ஊர்ச் சங்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. ஊர்ச் சங்கம் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கள்ளக்குறிச்சி, மணலூர்பேட்டை, கச்சிராயபாளையம் பக்கங்களிலிருந்து நியூசிலாந்துக்கு வந்து, ஆக்லாந்தில் கரையேறிய சில குடும்பங்கள். அவ்வப்போது ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்குப் பிடிப்போம். பிரியாணி சாப்பிடுவோம். ஊரைப் பற்றி மாற்றி மாற்றிப் பெருமை பேசுவோம். அங்கே திரும்பிப் போய் இருக்க மாட்டோம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் கலைந்துபோவோம்.

அழைப்பிதழில் என் கணவர் ஜாபரின் படம். கறுப்புக் கண்ணாடி, மடித்துவிட்ட சட்டைக் கை, பின்னால் யாரோ ஒட்டிவைத்த நீலக் கடல். மேலே பெரிய எழுத்தில், 'கடலில் பாதுகாப்பு: அனுபவம் பேசுகிறது.'

அனுபவம் பேசுகிறதாம்! அந்த அனுபவம் நடந்த அன்று ரேடியோவை எடுத்துப் பேசியவள் நான். அதற்காக வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவளும் நான்தான். அவர் அன்று பேசியது முக்கியமாக ஒரே வாக்கியம். அது என்ன வாக்கியம் என்பது போன ஞாயிற்றுக்கிழமை வரை எங்கள் குடும்பத்துக்குள் இருந்தது. இப்போது சங்கத்துக்கே தெரியும். அரைகுறையாகக் கள்ளக்குறிச்சி வரை போய்ச் சேர்வதற்குள் நானே முழுதாக எழுதிவிடுகிறேன்.

2

கள்ளக்குறிச்சியில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வேலையும் இல்லை. என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கடைவீதியில் மோட்டார் பம்புசெட் சாமான் கடை. மாமனாருக்கு ஜவுளிக்கடை. இரண்டு வீட்டிலும் நீச்சல் தெரிந்தவர் எவரும் கிடையாது. கோமுகி அணைக்குப் போனால்கூட கரையில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிற குடும்பங்கள்.

செல்வம் படகு வாங்கினான். அதனால் எங்களுக்கும் படகு வேண்டியதாயிற்று. காரணம் அவ்வளவுதான்.

செல்வம் மணலூர்பேட்டைக்காரன், கரும்பு போடுகிற வீட்டுப் பிள்ளை. என்னை அக்கா என்பான், ஜாபரை பாய் என்பான். "பெண்ணையாத்துல பொறந்து வளந்தவன் அக்கா நானு. தண்ணின்னா எனக்கு ஜுஜுபி" என்பான். அந்த ஆற்றை நானும் பார்த்திருக்கிறேன். வருடத்தில் பெரும்பகுதி அதில் இருப்பது மணல்.

ஜாபர் வாங்கியது யாரோ ஓட்டிக் களைத்த படகு. கோமுகி என்று பெயர் வைத்தார். அதில் ஒரு ரேடியோ பொருத்தப்பட்டிருந்தது. கடலில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காத இடங்களில் உதவி கேட்க அது ஒன்றுதான் வழி. இந்த நாட்டில் சொந்தப் படகை ஓட்ட யாரும் உரிமம் கேட்பதில்லை. ஆனால் அந்த ரேடியோவில் பேச உரிமம் வேண்டும். படகுக்கென்று ஓர் அழைப்புக்குறியும் பதிவு செய்ய வேண்டும்.

"படகு ஓட்டறதுக்கே எவனும் லைசென்ஸ் கேக்கல. பேசறதுக்கு எதுக்கு லைசென்ஸு? எனக்கு இன்னா, பேசத் தெரியாதா?" என்றார் ஜாபர்.

"தெரியும்ங்க. அதான் பயமா இருக்குது" என்றேன்.

எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பம் வந்தாலும் அது என் பக்கம்தான் நகரும். குடியுரிமை, வரி, பள்ளிக்கூடம், எல்லாம். இதுவும் நகர்ந்து வந்தது. ஆனால் இதை நான் முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டேன். மகள் நஸ்ரினும் அந்தப் படகில் ஏறப்போகிறாள். எனக்கு நீச்சல் தெரியாது. ஐம்பது வயதில் நீச்சல் பழகுவதைவிடப் பேசப் பழகுவது சுலபம் என்று கணக்குப் போட்டேன்.

3

ஒரு சனிக்கிழமை, விளையாட்டு மன்றம் ஒன்றின் அறையில் வகுப்பு. சொல்லிக்கொடுக்க வந்தவனுக்கு என் மூத்த மகன் வயதுகூட இருக்காது. காலில் செருப்பு இல்லை. இந்த ஊரில் அது சகஜம் என்று தெரிந்திருந்தும், வாத்தியார் வெறுங்காலோடு மேஜைமேல் உட்கார்ந்ததும் அவன்மேல் எனக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? அத்தாவின் பெயரை எழுதினேன். அன்று முழுவதும் அவன் என்னை "கரீம்" என்றே கூப்பிட்டான். "ஷாகிரா என் பெயர்" என்றேன். "சரி, கரீம்" என்றான். என் உரிமச் சீட்டிலும் அத்தாதான் முன்னால் நிற்கிறார். வாழ்நாளில் தண்ணீரை பம்புசெட்டின் வாயில் மட்டுமே பார்த்த மனிதர்.

ஆபத்தில் சொல்லவேண்டிய சொல் 'மேடே'. மே தினம் என்றுதான் முதலில் நினைத்தேன். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் அவசரம் என்றால் 'பான் பான்'. அதைக் கேட்டதும் பீடாக்கடை நினைவு வந்து சிரித்துவிட்டேன். வெறுங்கால் வாத்தியார் முறைத்தான். எழுத்துகளை வெறும் எழுத்தாகச் சொல்லக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. பி-யும் டி-யும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும் அல்லவா, அதற்காக. வி என்றால் விக்டர். டபிள்யூ என்றால் விஸ்கி. நம் வாயில் வி-யும் டபிள்யூவும் ஒரே மாதிரிதான் வரும். அவன் என்னைத் தனியாக நிறுத்தி, பத்துப் பேர் முன்னால், "விஸ்கி, விஸ்கி, விஸ்கி" என்று சொல்லவைத்தான். கடைவீதி ஹாஜியார் வீட்டு மருமகள் நான்.

விதியைப் பார்த்தீர்களா, எங்கள் படகுக்கு வந்த அழைப்புக்குறியிலும் ஒரு டபிள்யூ.

"பொம்பள வாயில இன்னா பேச்சு இது?" என்றார் ஜாபர்.

"அப்ப நீங்க படிச்சி நீங்க சொல்லுங்க."

அவர் டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

கள்ளக்குறிச்சிக்குப் போன் போட்டபோது என் தங்கை நூர்ஜஹான் விழுந்து விழுந்து சிரித்தாள். "பேசறதுக்குப் பரீட்சையா? உனக்கா? ஏன் லாத்தா, நம்ம வூட்ல உன் வாய மூடத்தானே ஆளு தேடிக்கினு இருந்தாங்க?" பிறகு, "ஏன், அங்க மீன் கடையே இல்லியா?" என்றாள்.

ஆனால் அந்த வகுப்பில் ஒரு விஷயம் என்னைக் குத்தியது. பேசும்போது ஒலிவாங்கியின் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். முடித்ததும் விட்டுவிட வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை மற்றவர் சொல்வது உனக்குக் கேட்காது. இதை அந்தப் பையன் நாலைந்து தரம் சொன்னான். நம் கல்யாண வீடுகளையும் பஞ்சாயத்துகளையும் பஸ் ஸ்டாண்டையும் நினைத்துக்கொண்டேன். நாம் எல்லோரும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பிறந்து, அப்படியே போய்ச் சேருகிறவர்கள்.

வீட்டில் பயிற்சி செய்தால் பன்னிரண்டாவது படிக்கும் நஸ்ரின் காதைப் பொத்திக்கொள்வாள். "அம்மா, ப்ளீஸ். உன் ஆக்ஸென்ட்ல கேக்கவே ஒரு மாதிரி இருக்கு." தமிழ் பேசச் சொன்னால் ஒரு வாக்கியத்தில் நாலு சொல்தான் தமிழாக இருக்கும். அதில் ஒன்று 'அம்மா', ஒன்று 'போதும்'.

பரீட்சையில் தேறினேன். சீட்டைக் கண்ணாடித்தாள் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை, யாராவது பார்த்து வாய் பிளக்க வேண்டும் என்றுதான் ஒட்டினேன். ஒருத்தரும் படிக்கவில்லை.

4

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஜாபரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான வருடம், மாமனாரின் பைக்கில் என்னைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, வெள்ளிமலை வரை போய்த் திரும்பும்போது பாதி மலையில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. கிளம்பும்போதே நான் கேட்டிருந்தேன். "போதும், போதும்" என்றிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து டவுன் பஸ் இறங்கி வந்தது. நான் கை காட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"அதுல நம்ம கடைக்கு வர்ற ஆளுங்க இருப்பாங்க. பெட்ரோல் இல்லாம நிக்கறோம்னு கடைவீதி பூரா பேசுவாங்க."

பஸ் எங்களைக் கடக்கும்போது, பள்ளத்தாக்கை ரசிப்பவரைப்போல இடுப்பில் கை வைத்து நின்றார். டிரைவர் வேகத்தைக் குறைத்து, "இன்னா பாய், வண்டி நின்னுபோச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, சும்மா பாத்துக்கினு இருக்கோம்" என்றார். பஸ் போய்விட்டது. அந்த வளைவுகளில் என்ஜின் இல்லாமல் வண்டியை உருளவிட அவருக்குத் துணிவில்லை; அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் கல்யாணச் செருப்போடு மலை இறங்கினேன். அடிவாரத்தில் குதிகால் இரண்டும் தோல் உரிந்திருந்தது. அவரோ கடைவீதியில் யார் கண்ணிலும் படவில்லை என்ற திருப்தியில் இருந்தார்.

அந்த மனிதரோடுதான் கடலுக்குப் போனேன்.

5

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ஜாபர், நான், நஸ்ரின். கிளம்பும்போது கரை நிலையத்துக்கு ரேடியோவில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம். "நாம எங்க போறோம்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா?" என்றார் ஜாபர். சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. அதை நான் மறைக்கவில்லை.

மரங்கள் அடர்ந்த ஒரு சின்னத் தீவைச் சுற்றிப் போகும்போது என்ஜின் இருமியது. இன்னொரு தரம் இருமி நின்றுபோனது. முதலில் யாரும் பதறவில்லை. அவர் சாவியைத் திருகினார், மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திருகினார். அத்தா கடையில் வளர்ந்தவள் நான். "பெட்ரோல் ஃபில்டர பாருங்க" என்றேன். "நீ சும்மா இரு" என்றார்.

அதற்குள் காற்று எங்களைத் தீவின் பக்கம் தள்ள ஆரம்பித்திருந்தது. அந்தப் பக்கம் மணல் இல்லை, பாறை. அலை அதில் மோதி வெள்ளையாக எழுவது தெரிந்தது.

"நங்கூரம் போடுங்க."

போட்டார். அது தரையைப் பிடிக்கவில்லை. கயிறு போதவில்லை. அந்தக் கயிற்றில் பாதியை வெட்டித்தான் முந்தின மாதம் யாரோ கொடுத்த பழைய கட்டிலைக் கார்மேல் வைத்துக் கட்டினார். அதை இப்போதுதான் நினைத்துக்கொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கைபேசியைத் தூக்கிப் பிடித்து நாலு திசையிலும் திரும்பினார். சிக்னல் இல்லை.

நஸ்ரின் மிதவைச் சட்டையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டே, "அத்தா, ராக்ஸ்" என்றாள். அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக மாறியிருந்தது. நான் ரேடியோவின் ஒலிவாங்கியை எடுத்தேன். சேனல் பதினாறு. ஆபத்து அழைப்புக்கான சேனல் அது. சுற்றுவட்டத்தில் ரேடியோ திறந்திருக்கும் எல்லாப் படகுக்கும் கேட்கும்.

ஜாபர் என் கையோடு சேர்த்து ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பண்ற?"

"கூப்பிடறேன்."

"தோ, ஸ்டார்ட் ஆயிடும். செத்த பொறு. செல்வம் இன்னிக்குக் கடல்லதான் இருக்கான். எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். கேக்கறதுக்குத்தான் இது."

"ஷாகிரா, சொன்னா கேளு."

மலைமேல் பஸ் போன அன்று நான் கையை இறக்கினேன். இந்த முறை இறக்கவில்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக ஒரு ஏளனம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. அதுதான் என்னை நிற்க வைத்தது. பட்டனை அழுத்தினேன்.

"மேடே, மேடே, மேடே." பிறகு படகின் பெயர் மூன்று முறை. அழைப்புக்குறி, அதிலிருக்கும் விஸ்கியோடு. திரையில் தெரிந்த அட்சரேகை, தீர்க்கரேகையை ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். என்ஜின் நின்றுவிட்டது, பாறைமேல் போகிறோம், ஆட்கள் மூன்று. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜாபர் என் காதருகே சொன்னார்: "வெச்சிடுடி, மானம் போவுது!"

அதுதான் அந்த வாக்கியம். பட்டன் அழுந்தியிருந்தது.

கரை நிலையத்தில் ஒரு பெண். படகின் பெயர் புரியவில்லை, மறுபடி சொல்லும்படி கேட்டாள். நஸ்ரின் பாய்ந்து வந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "அம்மா, குடு. அவங்களுக்கு நீ பேசறது புரியல." இந்த ஊரில் பிறந்தவர்களைப் போலவே அழகாகப் பேசினாள், மூச்சு விடாமல். ஆனால் பேசி முடித்தும் பட்டனை விடவில்லை. பயத்தில் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, "ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க?" என்று அழுதாள்.

"பட்டன விடுடி!"

அவள் கையிலிருந்து திரும்ப வாங்கினேன். அவசரப்படாமல் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கால்ஃப், ஆஸ்கர், மைக், யூனிஃபார்ம், கிலோ, ஹோட்டல், இந்தியா. "ஓவர்" என்று சொல்லிப் பட்டனை விட்டேன்.

"கோமுகி, உங்கள் மேடே கிடைத்தது" என்றாள் அந்தப் பெண். அவள் அதைச் சொன்ன நிதானத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த அழைப்பைக் கேட்டு வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி, பழைய மீன்பிடிப் படகில். அவர்கள் வந்து சேரும்போது பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. கிழவர் கயிறு வீசினார், அந்த அம்மா படகை ஓட்டினார். எங்களை இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்தார்கள். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. போகும்போது கிழவர் எங்கள் நங்கூரக் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். ஜாபரையும் பார்த்தார். கீழே போட்டார்.

கரை நெருங்கி சிக்னல் வந்ததும் கைபேசி குதிக்க ஆரம்பித்தது. சங்கக் குழுவில் செல்வம் எழுதியிருந்தான்: 'ஜாபர் பாய் படகு மாட்டிக்கிச்சு, எல்லாரும் வேண்டிக்கோங்க.' கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எங்களுக்குக் கயிறு வந்து விழுவதற்கு முன்பே அனுப்பியிருக்கிறான்.

6

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டம். ஜாபர் பேசினார், நன்றாகவே பேசினார். "அந்த நேரத்துல பதட்டப்படக் கூடாது. நான் உடனே ஒரு முடிவு எடுத்தேன்" என்றார். என்ன முடிவு என்று சொல்லவில்லை. "நாங்க ரேடியோவுல கூப்டோம்" என்றார். அந்த 'நாங்க'வில் எனக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார். நஸ்ரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பிரியாணி அண்டாவைப் பார்த்தேன்.

முடிந்ததும், கூட்டத்தை ஏற்பாடு செய்த செல்வம் எழுந்தான். "ஒரு சர்ப்ரைஸ் இருக்குது. அன்னிக்கு நம்ம ஷாகிரா அக்கா பேசனத நான் போன்ல புடிச்சி வெச்சிருக்கேன்."

கேட்டதை இப்படி ஊருக்குப் போட்டுக்காட்டுவதே குற்றம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். செல்வம் எந்த வகுப்புக்குப் போனான்? ஒலிபெருக்கியில் என் குரல் வந்தது. அவ்வளவு மெல்லிய குரலா எனக்கு? விஸ்கி வந்த இடத்தில் சிலர் சிரித்தார்கள். அடுத்து, அலைச் சத்தத்துக்கு நடுவே, தெள்ளத்தெளிவான கடைவீதித் தமிழில், "வெச்சிடுடி, மானம் போவுது!"

ஹால் வெடித்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தவன் செல்வம். அவன் அதைப் பலமுறை கேட்டிருக்கிறான், அதற்காகவே அவரை மேடையேற்றியிருக்கிறான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஜாபர் மேடையில் இன்னும் மைக்கைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஆனால் செல்வத்தின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. எழுந்தேன்.

"செல்வம், இத எங்க இருந்து புடிச்ச?"

"படகுல இருந்துதான் அக்கா."

"படகு எங்க இருந்துச்சி?"

"தோ, அந்தத் தீவுக்கு இந்தப் பக்கந்தான், டவர் கெடைக்கிற எடத்துல." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அப்ப எங்களுக்கு ஜாஸ்தி கிட்ட இருந்தது நீதான். அந்தக் கெழவனும் கெழவியும் வர்றதுக்குள்ள நீ ரெண்டு தரம் வந்துட்டுப் போயிருக்கலாம்."

செல்வம் சுற்றும் முற்றும் பார்த்தான். "தூண்டில்ல பெரிய மீனு மாட்டிக்கினு இருந்துச்சி அக்கா. அதுவும் இல்லாம, நீங்கதான் அழகா பேசிக்கினு இருந்தீங்களே. யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன்."

"என் பொண்ணு அழுதது கேட்டுச்சா?"

அவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினான். சிரித்தவர்களும் தரையைப் பார்த்தார்கள். யாராவது ஒருத்தர் அவனை ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று நின்றேன். சங்கத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாப்பாடு ஆறிடப் போவுது" என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. முதலில் தட்டை எடுத்தவன் செல்வம்.

நாங்கள் சாப்பிடவில்லை. காரில் நஸ்ரின் பின்சீட்டில் இருந்தபடி என் தோளில் ஒரு நிமிடம் கை வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். ஜாபர் செல்வத்தைத் திட்டுவாரா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்வாரா என்று நானும் காத்திருந்தேன்.

வீட்டுத் தெருவில் திரும்பும்போது வாயைத் திறந்தார்.

"நான் மெதுவாத்தானே சொன்னேன்? அவ்ளோ தெளிவாவா கேக்கும்?"

"நல்ல ரேடியோங்க" என்றேன்.